சைக்கிளை விட்டு இறங்காமல்



“எனக்கு என்னங்க தெரியும்?” இந்த மூன்று சொற்களைப் பற்றித்தான் இன்று மாலை, இந்தப் பத்துமலை அடிவாரத்தில் நின்று பேச விரும்புகிறேன். ஒரு குடியிருப்பாளர் சங்கம் ஆள் தேடுகிறது. ஒரு தொழிலாளர் குழு, வேலையிழந்தவர்களுக்காக மனு எழுத நான்கு பேர் வேண்டும் என்கிறது. ஒரு பழைய கட்டடத்தையோ ஒரு குன்றையோ காப்பாற்ற நினைக்கும் சிறு கூட்டம், வந்து உட்காருங்கள் என்று அழைக்கிறது. அழைக்கப்பட்டவருக்கு விஷயம் புரியாமல் இல்லை, அக்கறையும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பியவரும் அவர்தான். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரச் சொன்னால், “படிச்சவங்க பார்த்துக்கட்டும்”, “மலாய்ல பேசணும், எனக்குச் சரியா வராது”, “நான் ஒருத்தன் வந்து என்ன ஆகப்போகுது” என்று பின்வாங்குகிறார். இந்தத் தயக்கத்தைத் தனிமனிதக் கோழைத்தனம் என்று சொல்லிக் கடந்துபோவது நம் மேடைகளின் வழக்கம். அது தவறு என்று நான் நினைக்கிறேன். இந்தத் தயக்கம் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒன்று. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தயக்கம் முதலில் தீரட்டும், பிறகு இயக்கத்துக்கு வருகிறேன் என்று காத்திருப்பவருக்கு அது ஒருநாளும் தீராது. உள்ளே வந்து ஒரு சின்ன வேலையைச் செய்து முடிக்கும்போதுதான் அது தளரும். அப்படியானால் தயங்குகிறவரைவிடக் கூடுதலான பொறுப்பு அவரை அழைக்க வேண்டியவர்களுக்கு இருக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

முதலில், அக்கறை இல்லாதவரையும் தயங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. 1983ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஹேக் நகரில் அணு ஏவுகணைகளை எதிர்த்து மாபெரும் பேரணி ஒன்று நடந்தது. பெர்ட் கிளாண்டர்மான்ஸ் என்ற சமூக உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு சேர்ந்து அந்நாட்டின் ஒரு சிற்றூர் மக்களை அதற்கு முன்னும் பின்னும் விசாரித்தார். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் பேரணியின் நோக்கத்தை ஆதரித்தார்கள். போனவர்களோ நூற்றுக்கு நான்கு பேர்தான். இந்தப் பெரிய இடைவெளியை மனசாட்சியின் வறட்சி என்று சொல்லிவிட முடியாது. பலரிடம் யாரும் நேரில் வந்து கேட்கவே இல்லை. கேட்கப்பட்டவர்களிலும் பலர் கிளம்பும் நேரத்தில் தளர்ந்தார்கள். அமெரிக்காவில் சிட்னி வெர்பாவும் அவருடைய இரு தோழர்களும் 1995இல் வெளியிட்ட பெரிய ஆய்வும் இதையேதான் சொல்கிறது. மக்கள் பொதுவாழ்வில் ஈடுபடாமல் இருப்பதற்கு அவர்கள் மூன்று காரணங்களைக் காட்டினார்கள்: முடியவில்லை, விருப்பமில்லை, யாரும் கேட்கவில்லை. நம்மிடையே மேடையேறுகிறவர்கள் எப்போதும் இரண்டாவது காரணத்தையே திட்டித் தீர்க்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

‘முடியவில்லை’ என்ற முதற்காரணத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தயங்குகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது அதைத்தான். திறமை இல்லை, அனுபவம் இல்லை, பேச்சு வராது என்கிறார். உங்கள் கண்ணெதிரே இருக்கும் இந்த 272 படிகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1890களின் தொடக்கத்திலிருந்து இங்கே தைப்பூசம் நடந்துவருகிறது. கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர் தூரம் வெள்ளி ரதம் வருகிறது, லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் யார்? லாரி ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், பாதுகாவலர், பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர். மாதக்கணக்கில் பணம் வசூலித்து, கணக்கு எழுதி, அரிசி பருப்பு வாங்கி, கூடாரத்துக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அனுமதி பெற்று, ஆள் பிரித்து, இரவு பகலாக ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டு, மறுநாள் குப்பையையும் அள்ளிப்போடுகிறார்கள். ஒரு காவடிக் குழுவை நடத்துகிறவருக்குத் தெரிந்த ஆள்கட்டு, நேரக்கணக்கு, பொறுமை ஆகியவை எந்தப் பொது இயக்கத்துக்கும் போதும், மிஞ்சும். அதே மனிதர் தம் ஃபிளாட்டில் ஆறு மாதமாக லிஃப்ட் ஓடவில்லை என்று நகராண்மைக் கழகத்துக்கு எழுதிய கடிதத்தில் கையொப்பமிடக் கூசுகிறார். ஆகவே இங்கே குறைவது திறமை அன்று. கோயில் காரியத்தில் அவருக்குத் தம் இடம் எது என்று தெரியும்; அங்கே நிற்கத் தமக்கு உரிமை உண்டு என்பதில் அவருக்குத் துளியும் ஐயமில்லை. பொதுக் காரியத்தில் அந்த உரிமைதான் அவருக்குச் சந்தேகமாக இருக்கிறது. “எனக்கு என்னங்க தெரியும்” என்பதன் உட்பொருள் “இதில் பேச நான் யார்” என்பதே.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இங்கிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிள்ளானுக்குப் போனால் போதும். 1941ஆம் ஆண்டு, போர்க்கால ரப்பருக்கு உலகமே கையேந்தி நின்ற காலம். தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு அளவில் கிடந்தது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி அதைவிடக் கூடுதலாகப் பெற்றார். ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் கோரிக்கைகளை வைத்தது. கூலி சமமாக வேண்டும். வேலை நேரம் குறைய வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பும் நோயாளிகளுக்கு முறையான மருத்துவமும் வேண்டும். தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறும் அதிகாரம் ஒழிய வேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு கோரிக்கை இருக்கிறது. தோட்ட மேலாளரான துரையோ எழுத்தரான கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதுதான் அது. இந்தப் பட்டியலை வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் கூலிக் கணக்கில் நின்றுவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சைக்கிள்தான் மிக முக்கியமான சான்றாகப் படுகிறது.

யோசித்துப் பாருங்கள். 50 காசுக் கூலியில் வயிறு நிறையாத ஒருவன், போராட்டத்தில் தன் வேலையையும் லயத்து வீட்டையும் பணயம் வைக்கும்போது, சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமையையும் ஏன் சேர்த்துக் கேட்டான்? ஒரு தடவை இறங்கி நின்றால் ஒரு நிமிடம் போகும், அவ்வளவுதான். ஆனால் பத்து வருடம், இருபது வருடம் இறங்கி இறங்கி நின்ற உடம்புக்கு ஒரு பாடம் ஏறிவிடுகிறது. எதிரே சட்டை போட்ட ஒருவர் வந்தால் நம் காரியம் நின்றுவிட வேண்டும். நம் பாதை அவருடைய பாதை. அவர் பேசினால்தான் நாம் பேசலாம். தோட்ட நிர்வாகம் துரை, கிராணி, கங்காணி, தொழிலாளி என்று ஏணிப்படியாகக் கட்டப்பட்டது. கீழே இருப்பவர் எதையும் தாமாகத் தீர்மானிக்காமல் இருப்பதுதான் அந்த ஏணிக்கு வேண்டியிருந்தது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அளந்து கொடுத்த நிரை, அளந்து கொடுத்த வீடு, நான்காம் ஐந்தாம் வகுப்போடு முடியும் தோட்டப் பள்ளி என்று எல்லாமே சேர்ந்து ஒரே பாடத்தைத்தான் நடத்தின. அந்தப் பாடத்தின் பெயர்தான் ‘எனக்கு என்ன தெரியும்’. சைக்கிள் கோரிக்கையை எழுதியவர்களுக்கு இது புரிந்திருக்கிறது. கூலி உயர்ந்தாலும் இந்தப் பாடம் அழியாது என்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அதற்கடுத்து நடந்ததும் நம் வாதத்துக்கு வேண்டியது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். படித்த ஒருவர் தூண்டிவிட்டதால் எழுந்த கலகம், அவரை எடுத்துவிட்டால் அடங்கிவிடும் என்பது ஆட்சியாளர் கணக்கு. அடங்கவில்லை. வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவி, ஆயிரக்கணக்கானோர் மரம் சீவாமல் நின்றார்கள். பிறகு படை வந்தது, அவசரநிலை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள், பலர் நாடு கடத்தப்பட்டார்கள். இதை வெற்றிக் கதையாக்கி உங்களுக்குச் சொல்ல நான் முன்வரமாட்டேன். அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை மிகப் பெரியது. ஆனால் ஒன்றைப் பார்க்கத்தான் வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நின்றவர்களே, சில மாதங்களில், தலைவர் இல்லாமலும் நின்றார்கள். இடையில் அவர்கள் தன்னம்பிக்கைப் பயிற்சி எதற்கும் போகவில்லை. கூட்டத்துக்குப் போனார்கள், சந்தா கட்டினார்கள், பக்கத்து லயத்துக்காரரோடு சேர்ந்து நின்றார்கள். நின்றதிலிருந்துதான் நிற்க முடியும் என்ற எண்ணம் வந்தது.

பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்தபோது நம் மக்கள் பட்டணத்தின் ஓரங்களுக்குப் பெயர்ந்தார்கள். புறம்போக்குக் குடியிருப்பு, நீண்ட வீடு, பிறகு மலிவு விலை அடுக்குமாடி என்று இடம் மாறியது. துரையின் இடத்தில் படிவம் நிரப்பச் சொல்லும் அலுவலக முகப்பு வந்து உட்கார்ந்தது. போதாததற்கு, ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடியோடு போய்விட்டது. உங்கள் தெருவைப் பற்றி முடிவெடுக்கும் கவுன்சிலரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே ஐந்தாண்டுக்கொருமுறை வரிசையில் நின்று வாக்குப் போடுகிற பழக்கம்கூடத் தெருவின் சங்கதிகளில் நமக்கு வாய்க்கவில்லை. ஒரு சாதாரண மனிதர் தம் சுற்றுவட்டாரத்தைப் பற்றிப் பேசுவதற்கு எஞ்சியிருக்கும் வழிகளில் முதன்மையானவை ஆட்சேபக் கடிதம், மகஜர், சங்கம், கூட்டம் ஆகியவைதான். அதனால்தான் சிறு இயக்கங்கள் இந்த நாட்டில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்கிறேன்.

தயக்கம் எப்படி நீங்குகிறது என்பதற்கு ஆய்வு என்ன சொல்கிறது? ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தார். ஊக்கப் பேச்சுக்கும் அதில் ஓர் இடம் உண்டு, ஆனால் சிறிய இடம். முதலிடம், தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவத்துக்கு. அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் கண்ணால் பார்ப்பது. டக் மெக்காடம் என்ற சமூகவியலாளரின் ஆய்வு இன்னும் ஆழமானது. 1964ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவு செய்ய வடபகுதி மாணவர்கள் போனார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை. முதல் நாட்களிலேயே மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். விண்ணப்பித்து, ஏற்கப்பட்டவர்களில் எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் போனார்கள். இருநூற்றுச் சொச்சம் பேர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார்கள். அந்த விண்ணப்பத் தாள்களையெல்லாம் மெக்காடம் பிற்காலத்தில் தேடியெடுத்து ஒப்பிட்டார். கொள்கைப் பற்றில் இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. போனவர்களுக்கு, அங்கே போகும் வேறு யாரையாவது முன்பே தெரிந்திருந்தது. ஏதாவது அமைப்பில் ஏற்கெனவே கொஞ்சம் வேலை செய்திருந்தார்கள். நெஞ்சுரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, கூட வரும் ஒரு நண்பர் என்றாகிறது. தைரியசாலிகளைத் தேடிப் பிடிப்பதைவிட, தெரிந்தவரோடு தெரிந்தவரைச் சேர்த்து உட்கார வைப்பது பயனுள்ள வேலை.

அமெரிக்க மாணவர்களின் கதை நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம், கேட்பது சரிதான். அவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், படித்தவர்கள். ஆனால் நம் பக்கத்துச் சான்றுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இருக்கிறது. அந்த வளாகத்தில் 23 மாடிக் கட்டடம் எழுப்பும் திட்டம் 2014இல் வெளியே தெரிந்தபோது, எதிர்த்தவர்கள் அந்த வட்டாரத்து மக்கள், அங்கே படித்துப் போனவர்கள், மரபில் அக்கறை கொண்டவர்கள். கையெழுத்து வாங்குவதுதான் முதல் வேலை. மேசை, தாள், பேனா, விளக்கிச் சொல்ல இரண்டு வாக்கியம். சட்ட நிபுணத்துவம் எதுவும் தேவைப்படாத வேலை. கையெழுத்துக் கேட்டுப் பத்துப் பேரிடம் பேசியவருக்குப் பதினொன்றாவது ஆளிடம் பேசும்போது விவரம் தானே வந்துவிடுகிறது. 2016இல் அந்தக் கட்டடம் மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவானது.

இந்த மலைக்கே வாருங்கள். இதன் சுண்ணாம்புக் கல் பல பத்தாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் இருந்த பாறையே போய்விட்டது. கோயில் ஒருபுறம் குரல் கொடுக்க, 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைச் சங்கம் மறுபுறம் குகைகளின் அருமையை எழுதி எழுதி வலியுறுத்த, 1980களில்தான் கல்லுடைப்பு ஓய்ந்தது. இருட்டுக் குகையில் வாழும் ஒரு சிலந்தி, லிஃபிஸ்டியஸ் பத்துவென்சிஸ், இந்த மலையின் பெயரையே தன் பெயரில் தாங்கியிருக்கிறது. அதைக் காட்டிப் பேசியவர்களும் பக்தியைக் காட்டிப் பேசியவர்களும் ஒரே மலையைத்தான் காத்தார்கள். பிறகு 2012 அக்டோபரில், மலைக்கு அருகே எழவிருந்த 29 மாடி அடுக்ககத்துக்கு எதிராகக் கோயில் நிர்வாகமும் பொது இயக்கங்களும் திரண்டன. மாநில அரசு வேலையை நிறுத்தச் சொன்னது. இதில் வருத்தத்துக்குரிய ஒரு சங்கதியும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு 2007இலேயே அனுமதி வழங்கப்பட்டிருந்தது. ஐந்து வருடம் அந்தத் தாள் கோப்பில் கிடந்திருக்கிறது. திட்டம் காட்சிக்கு வரும் நாளில் போய்ப் பார்க்கவும், வரைபடத்தைப் பிரித்து எந்த லாட்டில் எத்தனை மாடி என்று படிக்கவும் நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழு இருந்திருந்தால், ஆயிரம் பேர் வெயிலில் நிற்க வேண்டிய தேவை வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். அந்த நான்கு பேரில் ஒருவராக இருக்க எந்தப் பட்டமும் வேண்டாம். படிக்கத் தெரிந்தால் போதும். படிக்கச் சிரமப்படுகிறவர் அந்த இடத்தை நேரில் அறிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். ‘நான் ஒருத்தன் சேர்ந்து என்ன ஆகும்’ என்பதை வெறும் சோம்பல் என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வலுவான தர்க்கம் இருக்கிறது. மான்குர் ஓல்சன் என்ற பொருளியலாளர் 1965இல் அதை நூலாகவே எழுதினார். பலன் எல்லோருக்கும் கிடைக்கும் என்றால், உழைப்பை மற்றவர் போடட்டும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவது கணக்குப்படி சரியாகிவிடுகிறது என்றார். லட்சம் பேர் கூடும் பேரணிக்கு இது ஓரளவு பொருந்தும். லட்சத்தில் ஒருவர் குறைந்தால் தெரியாது. ஆனால் சிறு குழுக்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது என்பதை ஓல்சனே ஒப்புக்கொண்டார். ஆறு பேர் கொண்ட குடியிருப்புக் குழுவில் ஏழாவது ஆள் வந்தால் ஒருவர் கடிதம் எழுதலாம், இன்னொருவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், கூட்டத்துக்கு வரும் தாயின் குழந்தையை மூன்றாமவர் பார்த்துக்கொள்ளலாம். ‘நான் ஒருத்தன்’ என்பது பெரிய கூட்டத்தில்தான் சிறிய எண். நம் தெருவில் அது பெரிய எண்.

அடுத்த மறுப்பு பயம். இதை லேசாகப் பேசுகிறவரை நீங்கள் நம்ப வேண்டாம். 2007 நவம்பர் 25ஆம் தேதி விடிவதற்கு முன்பு, இதே பத்துமலையில் கூடியவர்கள்மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பாய்ந்தன. அன்று இந்து உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் அழைப்பை ஏற்று ஜாலான் அம்பாங் பக்கம் திரண்டவர்கள் பல்லாயிரம் பேர். அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். தொழிலாளர் உரிமைக்கான தெனாகனித்தா அமைப்பை 1991இல் தொடங்கிய ஐரின் ஃபெர்னாண்டஸ், தடுப்பு முகாம்களில் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் பட்ட பாட்டை 1995இல் அறிக்கையாக வெளியிட்டார். அதற்காக 1996இல் குற்றம் சாட்டப்பட்டு, 2003இல் தண்டனை விதிக்கப்பட்டு, 2008இல்தான் விடுவிக்கப்பட்டார். ஒரு பெண்ணின் வாழ்வில் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் கழிந்தன. அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் அகன்றது. 1948ஆம் ஆண்டின் நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. அரசாங்க வேலையில் இருப்பவருக்கும், அரசுக் குத்தகையை நம்பித் தொழில் செய்பவருக்கும், வீட்டில் ஒற்றைச் சம்பளம் உள்ளவருக்கும் அச்சப்பட நியாயமான காரணம் உண்டு. இத்தகைய அச்சத்தைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று சொல்வது அவர்களை அவமதிப்பதாகும்.

ஆனால் பயம் வேறு, தன்னைப் பற்றிய ஐயம் வேறு. ஒன்றுக்கு மற்றதன் பெயரைச் சூட்டிவிடுகிறோம் என்பதுதான் என் கவலை. ஆபத்து என்பது வெளியில் இருப்பது; அதை அளக்கலாம், சட்டம் தெரிந்தவரிடம் கேட்கலாம், எந்த வேலையில் ஆபத்து உண்டு எதில் இல்லை என்று பிரிக்கலாம். லிஃப்ட் பழுதைப் பற்றிக் கடிதம் எழுதுவதற்கும், உள்ளூர்த் திட்ட வரைவுக்கு ஆட்சேபம் தெரிவிப்பதற்கும், தமிழ்ப்பள்ளி வாசலில் குவியும் குப்பையைப் படமெடுத்து அனுப்புவதற்கும் எனக்குத் தெரிந்து யாரும் சிறைக்குப் போனதில்லை. அதற்கும் ‘நமக்கெதுக்கு வம்பு’ என்று ஒருவர் சொன்னால், அங்கே பேசுவது ஆபத்தைப் பற்றிய கணிப்பல்ல, சைக்கிளை விட்டு இறங்கிய பழைய நினைவு. மெய்யான ஆபத்து உள்ளவர் பின்னணியில் இருந்து கணக்குப் பார்க்கட்டும், மொழிபெயர்க்கட்டும். முன்னால் நிற்க முடியாததால் அவர் இயக்கத்துக்கு வேண்டாதவர் ஆகிவிடமாட்டார்.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகக் கடினமானது. தம்மைப் பற்றிச் சந்தேகமே இல்லாதவர்களால்தானே இயக்கங்கள் கெட்டுப்போகின்றன? தயங்குகிறவர் தயங்கியே இருக்கட்டும், அது ஒரு நல்ல குணம் என்று வாதிடலாம். இதில் பாதி உண்மை இருக்கிறது. கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா வழக்கை எண்ணிப் பாருங்கள். பூங்கா நிலத்தில் உயர்மாடிக் கட்டடங்கள் எழுப்ப மாநகராட்சி மன்றம் கொடுத்த அனுமதியை எதிர்த்துத் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் 2017இல் நீதிமன்றம் போனார்கள், 2018இல் தோற்றார்கள், 2021இல் மேல்முறையீட்டில் வென்றார்கள், 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. சாதாரணக் குடியிருப்பாளர்கள் ஆறு ஆண்டுகள் தளராமல் நின்று பெற்ற வெற்றி அது. ஆனால் அதே திட்டத்தில், புக்கிட் கியாரா தோட்டத்தின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. 1980களின் தொடக்கத்திலிருந்து நீண்ட வீடுகளில் நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். பூங்காவைக் காக்க நின்றவர்கள், ‘நம் போராட்டம் அந்த ஏழைகளின் வீட்டைத் தள்ளிப்போடுமா’ என்று தம்மையே கேட்டுக்கொள்ளக் கடமைப்பட்டிருந்தார்கள். பூங்காவும் இருக்கட்டும், அவர்களுக்கும் அவர்கள் வாழும் இடத்திலேயே வீடு வரட்டும் என்று பேசும்படி அந்தக் கேள்விதான் செய்தது. இப்படிப்பட்ட ஐயம் இயக்கத்துக்குள் எப்போதும் இருக்க வேண்டும். ‘நாம் செய்வது சரிதானா’ என்று கேட்கும் ஐயம் மனிதரை விழிப்பாக வைக்கிறது. ‘இங்கே உட்கார நான் தகுதியா’ என்று கேட்கும் ஐயமோ அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவர் போனபின் முதல் கேள்வியைக் கேட்கவும் ஆள் இல்லாமல் போகிறது. தயக்கக் குணம் உள்ளவர்கள் உள்ளே வந்தால்தான் இயக்கம் ஆணவம் இல்லாமல் நடக்கும். அவர்களை வெளியே நிற்கவைப்பதற்கு அதையே காரணமாகக் காட்டுவது பொருந்தாது.

இப்போது அழைக்கிறவர்கள் பக்கம் திரும்ப வேண்டும். இங்கே என் பேச்சு சற்றுக் கடுமையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கூட்டங்கள் எப்படி நடக்கின்றன? முன்வரிசை நாற்காலிகள் பட்டம் பெற்றவர்களுக்கு. அரைமணி நேரம் மாலையும் பொன்னாடையும். பிறகு நான்கு பேர் பேசுகிறார்கள், நாற்பது பேர் கேட்கிறார்கள். கேட்டவர்கள் மீகூன் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பெண்கள் வந்திருந்தால் மீகூன் பரிமாறியவர்களாக இருப்பார்கள். முதல் முறையாகத் தனியாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவரிடம் யாரும் பெயர்கூடக் கேட்பதில்லை. வரும்போது ‘எனக்கு என்ன தெரியும்’ என்று வந்தவர், அது உண்மைதான் என்று தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறார். தோட்டத்து ஏணியை நம் கைகளாலேயே மறுபடி சாத்தி வைக்கிறோம். கூட்டறிக்கை முழுக்க ஆங்கிலத்தில், கலந்துரையாடல் பாதி சட்டச் சொற்களில் என்றால், தயங்குகிறவரின் சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொல்கிறோம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்க்கும்போதுதான் துணிவு வருகிறது என்ற பண்டூராவின் முடிவை ஏற்றால், முன்னால் நிற்பவர் யார் என்பது அலங்காரச் சங்கதி இல்லை. 1943இல் இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்குப் பெண்கள் தேவை என்ற அழைப்பு வந்தபோது, ஈப்போவிலிருந்து பதினாறு வயது ராசம்மா தம் அக்காளோடு போனார். அதில் தோட்டத்துப் பெண்களும் பெருமளவில் சேர்ந்தார்கள். அந்த ராசம்மா பூபாலன் பிற்காலத்தில் ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்து, ஆணுக்கு நிகரான சம்பளம் கேட்டு வாதாடியவர்களில் முதல்வராக நின்றார். அவர் போர்முனைக்கே அக்காளோடுதான் போனார் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. புதிதாக வருகிறவரைத் தனியாக வரச் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு, மைத்துனியோடு, காவடிக் குழுத் தோழரோடு வரச் சொல்லுங்கள். முதல் நாளிலேயே மேடையேற்றாதீர்கள். ஒரு மாலையில் முடிந்துவிடக்கூடிய, முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். வருகைப் புத்தகம் எழுதுவது, எத்தனை வீட்டில் தண்ணீர் வரவில்லை என்று எண்ணி வருவது, ஆற்றோரத்தில் குப்பை கொட்டும் லாரி எந்த நேரத்தில் வருகிறது என்று குறிப்பது. அந்தக் குறிப்பு அடுத்த வாரக் கடிதத்தில் ஒரு வரியாக வந்ததை அவருக்குக் காட்டுங்கள். மலாயில் எழுத வராதவர் தமிழில் சொல்லட்டும், எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்காரட்டும். இருவருக்கும் அது படிப்பாக இருக்கும். எல்லாவற்றையும்விட, கேட்கும் விதத்தை மாற்றுங்கள். ‘சமுதாயத்துக்காக முன்வாருங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னால் அது யாரையும் அழைப்பதில்லை, ஏனென்றால் அது எல்லோரையும் அழைக்கிறது. வீட்டு வாசலில் நின்று, பெயரைச் சொல்லி, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அக்கா, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வரைபடத்தைப் பார்க்க நகராண்மைக் கழகத்துக்குப் போறோம். முன்னால அங்க எந்தப் பக்கம் ஓடை ஓடிச்சுன்னு உங்களுக்குத்தான் சரியாத் தெரியும். நானும் கூட வர்றேன், அஞ்சு மணிக்கு வண்டியக் கொண்டாறேன்.”